பழைய தேசப்படம்: யார் சொத்து? யார் காவல்?

ஒரு கோடி டாலர்! பழைய காகிதத்துக்குக் கொடுத்த விலை இது. 2003-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு தேசப்படத்தை இந்த விலை கொடுத்து வாங்கிற்று. மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்பவர் 1507-ல் வெளியிட்ட உலகப்படம் அது. பன்னிரண்டு தாள்கள், சேர்த்து ஒட்டினால் ஒரு சுவரை அடைக்கும். 'அமெரிக்கா' என்ற பெயர் முதன்முதலாக ஏறிய படம். அன்று ஆயிரம் பிரதிகள் அச்சானதாகச் சொல்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஜெர்மனியில் ஒரு பிரபுவின் கோட்டையில் கேட்பாரற்றுக் கிடந்ததை 1901-ல் ஒரு பாதிரியார் கண்டெடுத்தார். நூறாண்டு கழிந்தது, விலை கோடியாயிற்று. அந்தக் கோடியில் ஐம்பது லட்சம் டாலர் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்கிய பொதுப்பணம்!

"கோடீசுவரர் விளையாட்டு இது, சங்கு ஊதினால் ஆலைக்கு ஓடுகிற நமக்கு இதில் என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பழைய தேசப்படங்களைப் பற்றியும், அவற்றைச் சேர்ப்பவர்களைப் பற்றியும் ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக நூல்கள் வந்திருக்கின்றன. பளபளப்பான அட்டை, வண்ணப் படங்கள், கனவான்களின் பொழுதுபோக்கு என்றுதான் முதற் பார்வைக்குத் தோன்றும். ஆனால் அந்த நூல்களை வரிசையாக வைத்துப் படித்தால் வேறொரு கதை வெளிவருகிறது. பலர் உழைப்பில் பிறந்த பொருள் சிலர் கைக்கு எப்படிப் போகிறது, சிலர் கைக்குப் போனதற்கு எப்படி விலை ஏறுகிறது, விலை ஏறியதும் பொதுச் சொத்தில் எப்படிக் கத்தி விழுகிறது என்ற கதை அது. நமக்குத் தெரிந்த கதைதான். களம் மட்டும் புதிது.

கத்தி பிடித்த கனவான்கள்

1995 டிசம்பர். அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். அங்குள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அமைதியாக அமர்ந்து பழைய நூல் படித்துக்கொண்டிருந்தார் ஒருவர். பெயர் கில்பர்ட் பிளாண்ட். பக்கத்தில் இருந்த வாசகர் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது, காவலர் வந்தனர், பிடித்தனர். பழைய நூலிலிருந்து தேசப்படத் தாளை அறுத்து எடுத்திருந்தார் அந்த மனிதர். பிறகு நடந்தது என்ன தெரியுமா? சேதத்துக்கு ஈடாக எழுநூறு டாலர் கொடுத்தார். போகலாம் என்று விட்டுவிட்டார்கள்! அவர் போன பிறகுதான், விட்டுச் சென்ற குறிப்பேட்டைப் புரட்டினார்கள். எந்த நூலகத்தில் எந்தப் படம் இருக்கிறது என்ற பட்டியல் அதில் இருந்தது. நூலகம் நூலகமாக நுழைந்து இருநூற்றைம்பது படங்கள் வரை அறுத்தவர் அவர் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. இந்தக் கதையை மைல்ஸ் ஹார்வி என்ற பத்திரிகையாளர் 2000-ல் நூலாக எழுதினார்.

அந்த நூலில் திருட்டைவிடத் திடுக்கிட வைக்கும் செய்தி வேறொன்று. மீட்ட படங்களை வைத்துக்கொண்டு, "இது உங்களுடையதா?" என்று நூலகங்களைக் கேட்டார்கள் புலனாய்வாளர்கள். எங்களுடையதுதான் என்று உறுதியாகச் சொல்லப் பல நூலகங்களால் முடியவில்லை. பட்டியல் சரியாக இல்லை. எந்த நூலில் எந்தத் தாள் இருந்தது என்ற பதிவு இல்லை. சில இடங்களில் பறிபோனது வெளியே தெரிந்தால் வெட்கம் என்ற தயக்கமும் இருந்தது. சொத்து போனதும் தெரியாமல், திரும்பி வந்ததும் தெரியாமல் இருந்த சொத்துக்காரரை என்னென்பது!

ஒரு முறை பட்ட பிறகாவது விழித்துக்கொண்டார்களா? அதுதான் இல்லை. 2005 ஜூன் 8 அன்று, யேல் பல்கலைக்கழகத்தின் அரிய நூல் நிலையத்தில் தரையில் ஒரு சிறு கத்தி பிளேடு கிடந்தது. நூலகப் பணியாளர் ஒருவர் கண்ணில் அது பட்டது. அன்று அங்கே படித்துக்கொண்டிருந்தவர் யார் என்று பார்த்தார்கள். ஃபோர்ப்ஸ் ஸ்மைலி! பெயர் பெற்ற தேசப்பட வியாபாரி. பெரும் செல்வர்களுக்குப் படம் சேர்த்துக் கொடுத்தவர். அந்தச் சேகரிப்புகள் பொது நூலகங்களுக்கு வந்து சேர்ந்தபோது நன்கொடையாளரின் நண்பராக மதிக்கப்பட்டவர். வாசற்படியில் அவரைச் சோதனை போட்டு நிறுத்த யாருக்குத் துணிவு வரும்? அவருடைய பையிலும் கோட்டுப் பையிலும் இருந்தன அறுத்தெடுத்த படங்கள்.

தொண்ணூற்றேழு படங்களைத் திருடியதாக 2006-ல் அவர் ஒப்புக்கொண்டார். மதிப்பு முப்பது லட்சம் டாலர். யேல், ஹார்வர்டு, நியூயார்க் பொது நூலகம், பாஸ்டன் பொது நூலகம், சிகாகோவின் நியூபெரி நூலகம், லண்டனின் பிரிட்டிஷ் நூலகம் என்று அறிவாலயம் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. மைக்கேல் பிளாண்டிங் 2014-ல் எழுதிய நூலில் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

மூன்றரை ஆண்டு நீதி

தண்டனை என்ன? மூன்றரை ஆண்டுச் சிறை. 2010 ஜனவரியில் வெளியே வந்துவிட்டார். கடுந்தண்டனை வேண்டும் என்று பிரிட்டிஷ் நூலகம் வாதாடியது, நீதிமன்றம் இசையவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அரசுக்குத் தானாகத் தெரிந்திருந்த திருட்டு பதினெட்டுதான். மற்றவற்றை அவரே சொன்னார். சொன்னதால்தான் பெரும்பாலான படங்கள் மீண்டன. ஆகவே தண்டனை குறைந்தது.

காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தோழர்களே, அதே காரணத்துக்குள் இருக்கிற கசப்பையும் காணத் தவறக்கூடாது. திருடியவன் வாய் திறந்தால்தான் சொத்து திரும்பும் என்ற நிலையில் அந்த மாபெரும் நூலகங்கள் இருந்தன! தங்கள் அலமாரியில் என்ன இருந்தது என்பது நூலகங்களைவிடத் திருடனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவன் ஒப்புக்கொண்டதற்கு மேலும் போயிருக்கும் என்று நூலகங்கள் சந்தேகப்பட்டன. சந்தேகத்தை மெய்ப்பிக்கப் பதிவு இல்லை. பசித்தவன் ரொட்டி திருடினால் எடுத்த ரொட்டிக்குக் கணக்கு உண்டு. கோட்டு போட்டவர் நானூறு ஆண்டுச் செல்வத்தை எடுத்தால் கணக்கையும் அவரே எழுதிக் கொடுக்கிறார், கழிவும் பெறுகிறார்.

அமெரிக்காவில் மட்டும் நடப்பதென்று எண்ண வேண்டாம். ஸ்பெயின் நாட்டுத் தேசிய நூலகத்தில், 1482-ல் அச்சான தாலமியின் பூகோள நூலிலிருந்து படங்களை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்பது 2007-ல் அம்பலமாயிற்று. நூலக இயக்குநர் பதவி விலகினார். போன படங்களில் ஒன்று ஆஸ்திரேலியா வரை பயணம் போயிருந்தது. கடல் கடந்து விற்கும் சந்தை இருப்பதால்தான் கத்திக்கு இத்தனை துணிவு.

விலை ஏறிய விதம்

அந்தச் சந்தை எப்படிப் பிறந்தது? அதையும் நூல்களே சொல்கின்றன. 1949-ல் ஆர். வி. டூலி என்ற லண்டன் வியாபாரி, பழைய படங்களையும் அவற்றை ஆக்கியவர்களையும் பற்றி ஒரு கையேடு எழுதினார். யார் ஆக்கியது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று பிரித்தறியச் சேகரிப்பவர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. 1963-ல் சேகரிப்போர் வட்டம் ஒன்றைத் தொடங்கி, வரிசையாகப் பட்டியல் நூல்களை வெளியிட்டார். அவருடைய அறிவையும் உழைப்பையும் யாரும் மறுக்க முடியாது. இன்றும் ஆராய்ச்சியாளர் அவரைப் புரட்டுகிறார்கள். ஆனால் எது அரிது என்று எழுதும் ஏடு, எது விலை போகும் என்று காட்டும் ஏடாகவும் ஆகிவிடுகிறது. அறிவுக்காக எழுதிய பட்டியல் சந்தைக்கு விலைப்பட்டியல் ஆயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு. கலிபோர்னியா ஒரு தீவு என்று பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் படம் போட்டார்கள். முழுத் தவறு! அது தீவல்ல என்று ஸ்பெயின் மன்னரே 1747-ல் ஆணையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தவறான படங்களில் நூற்றைத் தேடிப் பிடித்து 1964-ல் பட்டியலிட்டார் டூலி. தவறு அரிதாயிற்று, அரிது அழகாயிற்று, அழகு விலையாயிற்று. சரியான படத்தைவிடத் தவறான படத்துக்குப் பணம் கொட்டும் விந்தையைச் சந்தை ஒன்றுதான் செய்ய முடியும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. நூறு படம் கொண்ட பழைய நூலை முழுதாக விற்றால் ஒரு விலை. தாள் தாளாகப் பிரித்து, சட்டம் போட்டு, பணக்காரர் வீட்டு வரவேற்பறைச் சுவருக்கு விற்றால் அதைவிடப் பெரிய விலை. ஆகவே, தமக்குச் சொந்தமான நூலையே சட்டப்படி பிரித்துப் போடும் வியாபாரம் நடந்து வந்திருக்கிறது. நூல் செத்தால் லாபம்! சட்டத்துக்கு உட்பட்டு நடந்த இந்த அறுப்புதான் சட்டத்தை மீறிய அறுப்புக்கும் மறைவிடம் கொடுத்தது. தனித் தாளாகச் சந்தைக்கு வரும் படம், வியாபாரி வீட்டு நூலிலிருந்து வந்ததா, நூலக நூலிலிருந்து வந்ததா? தாளைப் பார்த்து யார் சொல்ல முடியும்? வாங்குகிறவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

தேவதைக்குப் பெயர் உண்டு, தொழிலாளிக்கு இல்லை

இத்தனை விலை போகும் பொருளை ஆக்கியவர் யார்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் பிளாவ் குடும்பத்தின் அச்சகம் அந்நாளில் உலகப் புகழ் பெற்றது. 1662-ல் அது வெளியிட்ட பெரிய தேசப்பட நூலின் இலத்தீன் பதிப்பு பதினொரு பாகம்; அறுநூறுக்குச் சற்றே குறைந்த படங்கள். வண்ணம் தீட்டாத பிரதி முந்நூற்றைம்பது கில்டர். தீட்டியது நானூற்றைம்பது கில்டர். அதைக் கையால் தொட்டு ஆக்கிய தொழிலாளி எவனும் அதை வாங்கும் நிலையில் இருந்ததில்லை. செப்புத் தகட்டில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கினான் ஒருவன். மை பூசித் துடைத்துத் தாளை அழுத்தினான் ஒருவன். கடலுக்கு நீலமும் காட்டுக்குப் பச்சையும் தாள் தாளாகக் கையால் தீட்டினான் ஒருவன். அந்த அச்சகத்தில் எழுத்து அச்சிடும் இயந்திரங்கள் ஒன்பது. அவற்றுக்குக் கிரேக்கக் கலைத்தேவதைகள் ஒன்பது பேரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள்! இயந்திரத்துக்குப் பெயர் உண்டு, இயக்கியவனுக்கு இல்லை.

எல்லோரும் அப்படி இருந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்ட்வெர்ப் நகரத்து ஓர்டீலியஸ், படங்களுக்கு வண்ணம் தீட்டும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். 1570-ல் அவர் வெளியிட்ட தேசப்பட நூலைத்தான் இந்த வகையில் முதல் நூல் என்று கொள்கிறார்கள். யார் யார் படத்தைப் பார்த்துத் தம் படங்களைப் போட்டாரோ, அவர்கள் எண்பத்தேழு பேரின் பெயரையும் நூலிலேயே அச்சிட்டார் அவர். தூரிகை பிடித்த கை அல்லவா! அடுத்தவர் உழைப்பின் அருமை அதற்குத் தெரிந்திருந்தது.

நம் மண்ணிலும் இந்தக் கதைக்கு ஒரு பக்கம் உண்டு. இந்தியாவை அளந்த மாபெரும் நில அளவைக்கு அடிக்கோடு போட்ட இடம் சென்னையின் பரங்கிமலை. 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற படை அதிகாரி அங்கே தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை எடுத்து வைத்து எடுத்து வைத்து ஏழரை மைல் அளந்தார்கள். பின்னர் அரை டன் எடையுள்ள கோணமானியை மலைக்கும் கோபுரத்துக்கும் தூக்கிச் சென்றார்கள். 1808-ல் தஞ்சைக் கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதிச் சேதமாயிற்று. கருவிக்குப் பட்ட காயம் நூல்தோறும் பேசப்படுகிறது. கயிறு இழுத்தவர் யார் என்ற பேச்சு இல்லை. காட்டில் காய்ச்சலுக்கும் புலிக்கும் பலியான கொடிக்காரரும் கலாசிகளும் எண்ணிக்கையாகக்கூட மிஞ்சவில்லை. உலகத்திலேயே உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டதில் முதன்மையானவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். சிகரத்துக்கு 1865-ல் ஏறிய பெயரோ, ஓய்வு பெற்றுப் போய்விட்ட எவரெஸ்ட் துரையின் பெயர்! ஜான் கே 2000-ல் எழுதிய நூலும், மாத்யூ எட்னி 1997-ல் எழுதிய நூலும் இந்த அளவையின் கதையை விரிவாகச் சொல்கின்றன. வரி தண்டவும் படை நடத்தவும் படம் வேண்டும். நாட்டை ஆள்வதும் நாட்டை வரைவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள் என்பதை எட்னியின் நூல் தெளிவாகக் காட்டுகிறது.

கோடு போட்டவன் கை

படம் வெறும் காகிதம் அல்ல என்பதை ஆள்வோர் நம்மைவிட முன்னதாகவே அறிந்திருந்தனர். போர்ச்சுகல் மன்னர் தம் கடல்வழிப் படங்களைக் கருவூலம் போல் காத்தார். அப்படியும் 1502-ல் ஓர் இத்தாலிய ஆள் பன்னிரண்டு பொற்காசு கொடுத்து, இரகசியமாக ஒரு படத்தின் நகலை வரையச் செய்து நாடு கடத்தினார். கான்டினோ படம் என்று அதற்குப் பெயர். அதன் பிற்கால வரலாறு கேளுங்கள். 1859-ல் மொடேனா நகரத்துக் கோமான் மாளிகை சூறையாடப்பட்டபோது அது காணாமற் போயிற்று. பிறகு ஒருவர் அதைக் கண்டெடுத்தது அதே ஊரில் ஒரு இறைச்சிக் கடையில்! இன்று மொடேனா நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அரசனின் இரகசியமாக வரைந்த நாட்டில் பூட்டி வைத்திருந்தார்கள். மக்கள் சொத்தான பிறகே உலகம் கண்டது.

படத்தின் அரசியல் அன்றோடு முடிந்துவிட்டதா? 1569-ல் மெர்க்கேட்டர் கப்பலோட்டிகளுக்காக ஆக்கிய முறையில் வரைந்த உலகப்படம் பள்ளிச் சுவர்களில் நெடுங்காலம் தொங்கியது. அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவு. உண்மையில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரிது! கப்பலுக்குத் திசை காட்ட அந்த முறை உதவியது. கண்டங்களின் அளவைக் காட்ட அது உதவாது. அந்தப் படத்தைக் கைவிட்டு, பரப்பளவைச் சரியாகக் காட்டும் படத்துக்கு மாற வேண்டும் என்ற இயக்கத்துக்கு 2025 ஆகஸ்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஆதரவு தந்தது. நானூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய கோடு இன்றைய அரசியலில் வழக்காக நிற்கிறது. பழைய படத்தை மக்கள் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். சீமான் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை யார் கேள்வி கேட்பது?

பூட்டா, கண்ணா?

அப்படியானால் என்ன செய்வது? இன்னும் பெரிய பூட்டு போடு, வாசகரை வெளியே நிறுத்து என்பார்கள் சிலர். அது தவறான மருந்து. பூட்டு யாரைத் தடுத்தது? ஸ்மைலிக்கு எல்லாக் கதவும் திறந்தன. கோட்டும் செல்வாக்கும் இல்லாத மாணவனையும் தொழிலாளியையும்தான் பூட்டு தடுக்கும். திருடனுக்கு உதவியது இருட்டு: பட்டியல் இல்லாத இருட்டு, நகல் இல்லாத இருட்டு, போனதைச் சொல்ல வெட்கப்பட்ட இருட்டு.

வெளிச்சம் போட்டவர்களும் இருக்கிறார்கள். நில வியாபாரத்தில் பணம் சேர்த்த டேவிட் ரம்சே என்ற அமெரிக்கர் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். சேர்த்ததைப் பெட்டியில் பூட்டாமல் ஒவ்வொன்றாக நகலெடுத்து, யாரும் காசில்லாமல் காணும்படி இணையத்தில் வைத்தார். 2016-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஒரு நிலையமே திறந்தார்கள். கலிபோர்னியாவைத் தீவாக வரைந்த எழுநூறுக்கு மேற்பட்ட படங்களும் 2011-ல் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. சேகரிப்பவர் எல்லாரும் கொள்ளைக்காரர் என்று நாம் சொல்லவில்லை. சேர்த்தவர் பலர் காத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு செல்வரின் நல்ல மனத்தை நம்பித்தான் பொதுச் சொத்து பிழைக்க வேண்டும் என்றால், அது பிச்சை, உரிமை ஆகாது.

உரிமை என்றால் என்ன? பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு நூலகமும் ஆவணக் காப்பகமும் தன்னிடமுள்ள பழைய படம் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் போட வேண்டும். தாள் தாளாக நகலெடுத்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். நகல் வெளியே இருந்தால், திருடிய தாளைச் சந்தையில் நீட்டும்போதே அடையாளம் தெரிந்துவிடும். போனது தெரிந்த அன்றே ஊரறியச் சொல்ல வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்டாத படத்தை வாங்கவும் விற்கவும் கூடாது என்று சட்டம் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காக்கும் பணியாளருக்குப் போதிய ஆளும் ஊதியமும் வேண்டும். யேலில் தரையில் கிடந்த பிளேடைக் கண்டது மாத ஊதியத்துக்கு வேலை செய்த பணியாளரின் கண். பால்டிமோரில் சந்தேகப்பட்டது சாதாரண வாசகரின் கண். இந்த இரண்டு கண்களும் இல்லாதிருந்தால் மேலும் எத்தனை நூல்கள் மொட்டையாகியிருக்கும்!

தோழர்களே! நம் ஊர் நூலகத்துக்குப் போங்கள். பழைய நூல் என்ன இருக்கிறது, பழைய படம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியல் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். சட்டமன்றத்தில் பேசச் செய்யுங்கள். சங்கிலி பிடித்தவனும் தகடு செதுக்கியவனும் வண்ணம் தீட்டியவனும் பெயரின்றிப் போனார்கள். அவர்கள் கையால் ஆன செல்வமாவது பெயரோடும் கணக்கோடும் மக்களிடம் இருக்கட்டும்.